தானாக வந்த பச்சைக் கோடு

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று உங்கள் மேலாளர் போன் செய்தபோது, நான் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு "சரி" என்று சொன்னேன். அந்த இடைவெளியில் லாரிக்காரர் ஜெயித்துவிட்டார். அந்தக் கோபம் இங்கே எங்காவது எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு வார்த்தையில் முடிப்பதும் எனக்குப் பழக்கமில்லை. தாம்பரத்தில் செல்போன் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் பதினாறு வருடம் பேசியே சம்பாதித்தவள் நான்.

ஸ்கிரீனை எவ்வளவு சூடு காட்டிக் கழற்றுவது, பசை எத்தனை நிமிடம் காய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பயிற்சி வீடியோவில் இருக்கிறது. அதில் நான் தலையிடப்போவதில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் மனிதரைப் பற்றி வீடியோவில் ஒன்றும் இல்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சரியாகச் சொன்னால், அவர் முன்னால் உட்கார்ந்து நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

முதலில் ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போன வாரம்தான் வாரண்டி முடிந்திருக்கும். ஏன் அப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனுக்குள் கம்பெனிக்காரன் காலண்டர் ஒட்டியிருக்கிறான் என்று பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் சத்தியமே செய்தார். சிரிக்காமல் தலையாட்டினேன். மனதுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

இரண்டாவது, எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம். "தானா வந்துச்சு மேடம்." ஸ்கிரீன் நொறுங்கியிருக்கும், தானா வந்திருக்கும். ஸ்பீக்கர் ஓட்டைக்குள் இட்லி மாவு காய்ந்திருக்கும், அதுவும் தானா வந்திருக்கும். ஒருமுறை மேற்குத் தாம்பரத்திலிருந்து கண்ணியமான மனிதர் ஒருவர் வந்தார். டேபிள் மேல் வைத்த போன் தானாக விரிசல் விட்டது என்றார். போனைத் திருப்பினேன். முதுகில் டயர் அச்சு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல் தெளிவாக இருந்தது. "டேபிள் மேல வண்டி ஏறுச்சா சார்?" என்று கேட்டேன். அவர் குனிந்து அச்சைப் பார்த்துவிட்டு, "இது என் வண்டி டயர் இல்ல, என் மச்சினன் வண்டி" என்றார். ஏதோ அதனால் வாரண்டி திரும்பி வந்துவிடும்போல.

இப்படி வருடக்கணக்கில் கேட்டால் நமக்கு ஒரு வியாதி வந்துவிடும். தானாக எதுவும் வராது, எல்லோரும் புளுகுகிறார்கள் என்று எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவோம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான் கஸ்தூரி வந்தார்.

கஸ்தூரிக்குக் கோவளம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். நாற்பது வயது இருக்கும். படகு கரையேறியதும் மீன் எடுத்துக்கொண்டு மேடவாக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பவர். அன்று காலை கவுண்டருக்கு வந்து, இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு துணி. துணிக்குள் போன். மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன் நடுவில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடியது. போனோடு சேர்ந்து கும்மென்று மீன் வாசமும் வந்தது.

"இன்னாமா இது, கோடு தானா வந்துக்கீது" என்றார். "நேத்து ஏதோ அப்டேட்டுனு கேட்டுச்சு, சரின்னு தட்டுனேன். காத்தால பாத்தா கோடு."

வாரண்டி முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

இங்கே நம் தொழிலில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். போனை உள்ளே அனுப்பும் முன் கம்ப்யூட்டரில் ஜாப் ஷீட் போடுகிறோமே, அதில் பழுதின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. "கீழே விழுந்தது", "நீர் பாதிப்பு", "உற்பத்திக் கோளாறு", "காரணம் தெரியவில்லை" என்று அதில் ஒரு பட்டியல் வரும். நேர்மையான ஆள் முக்கால்வாசி நேரம் "காரணம் தெரியவில்லை" என்றுதான் தொட வேண்டும். ஆனால் அதைத் தொட்டால் மண்டல அலுவலகத்திலிருந்து ஏன் தெரியவில்லை என்று ஒரு மெயில் வரும். பதில் போட்டால் எப்போது தெரியும் என்று இன்னொரு மெயில் வரும். அதனால் கவுண்டரில் யாரும் அந்த வரியைத் தொடமாட்டார்கள். விழுந்ததா, நனைந்ததா, ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கஸ்தூரி போனுக்கு "நீர் பாதிப்பு" என்று தட்டினேன்.

சிம் தட்டை வெளியே இழுத்து, அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் ஒரு குட்டி ஸ்டிக்கர் தெரியும். தண்ணீர் பட்டிருந்தால் சிவப்பு, படாவிட்டால் வெள்ளை. அரை நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன், எனக்கே வெட்கமான காரணம் அது.

போன் கண்ணாடி அறைக்குள் போனது. எங்கள் டெக்னீஷியன் அங்கேதான் குடியிருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். டீ குடிக்க மட்டும் வெளியே வருவார், வந்தாலும் பேசமாட்டார். மனிதர்களை அவருக்குப் பிடிக்காது என்று நான் நினைத்திருந்தேன். மனிதர்கள் சொல்வதைவிட போனுக்குள் இருப்பதை நம்புகிறவர், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் தலையை நீட்டினார்.

"அக்கா, ஸ்டிக்கர் வெள்ளையா இருக்கு. உள்ள ஒரு பொட்டுத் துரு இல்ல. ஏ.சி. ரூம்லயே இருக்கற போன்லகூட இவ்ளோ சுத்தம் பாத்ததில்ல. ஸ்கிரீன் பேனல்தான் கோளாறு. நீங்க வாட்டர்னு போட்டிருக்கீங்க."

"விடுப்பா" என்றேன். "வாரண்டிதான் முடிஞ்சுபோச்சே. எந்தக் காரணம் போட்டா என்ன, காசு கட்டித்தானே மாத்தணும்?"

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அன்றே பதில் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

புது ஸ்கிரீனுக்கு என்ன ஆகும் என்று சொன்னேன். கஸ்தூரி வாயைப் பிளந்தார். "இன்னாமா, பாதி போன் வெலை சொல்ற?" என்றார். அப்புறம் போனைத் துணியில் சுற்றி, பைக்குள் பை போட்டு எடுத்துக்கொண்டார். "ஒரு கோடுதானே, ஓட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இந்த மாடலில் கோடு விழுந்தால், வேறு சேதம் எதுவும் இல்லை என்றால், வாரண்டி முடிந்திருந்தாலும் ஒருமுறை ஸ்கிரீன் இலவசம். சலுகை சனிக்கிழமை மதியம் ஒரு மணியோடு முடிகிறது. தாராளம் என்றால் நம் கம்பெனிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும், கதவைத் திறக்கும்போதே மூடும் நேரத்தையும் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கோடு போட்ட போனோடு திட்டிவிட்டுப் போன எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கஸ்தூரியையும் கூப்பிட்டேன். "அக்கா, உங்க ஸ்கிரீன் ஃப்ரீ, சனிக்கிழமை காலைல வந்துடுங்க" என்று ஏதோ நானே என் கைக்காசில் வாங்கித் தருவதுபோல் பெருமையாகச் சொன்னேன். நான் தட்டி வைத்த வார்த்தை எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கஸ்தூரி வந்தார். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். போனை எடுத்து வைத்தார். ஒரு கோடு நான்காகியிருந்தது.

"எப்படிக்கா இத்தோட வேலை பாக்குறீங்க?"

"எங்கமா பாக்கறேன்" என்றார். "எனுக்கு எய்தப் படிக்கத் தெரியாது. வாட்சப்புல வூட்டுக்காரங்க பேசி அனுப்புவாங்க, நான் கேட்டுக்கினு, படத்தைப் பாத்து இன்னார் வூடுன்னு தெரிஞ்சுக்குவேன். ரோசாப்பூ படம் வெச்சிருந்தா ரோசாப்பூ வூடு. நாய்க்குட்டி வெச்சிருந்தா நாய்க்குட்டி வூடு. இப்ப கோடு அந்தப் படத்துமேலயே குந்திக்கினு கீது. ரோசாப்பூவும் தெரியல, நாய்க்குட்டியும் தெரியல."

போன வாரம் நடந்ததை அவர் சொன்னபோது நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ரோஜாப்பூ வீட்டில் ஒரு மருமகள். மாமியார் முன்னால் சைவம், பின்னால் இறால். அவள் கேட்டால் எப்போதும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று கதவைத் தட்டிக் கொடுங்கள் என்று நாய்க்குட்டி வீட்டிலிருந்து கேட்ட இறாலை, கோடு மறைத்ததில் ஆள் மாறி, ரோஜாப்பூ வீட்டுக் கதவைத் தட்டி நேராக மாமியார் கையில் கொடுத்துவிட்டார் கஸ்தூரி. "உரிச்சே வெச்சிருக்கேன்மா, உன் மருமவ கேட்ட மாரியே" என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். மருமகள் அன்றே கஸ்தூரியின் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

சொல்லும்போது கஸ்தூரி சிரிக்கவில்லை. "அது மாரி அஞ்சு வூடு பூட்ச்சு" என்றார். "அவங்கள்லாம் இப்ப ஆப்புல வாங்கறாங்க. இந்தா பாரு, அஞ்சாவது கோடு இங்க வந்துகினு கீது. பேசறதுக்கு அமுக்குவோமே மைக்கு, அதும்மேல வந்துட்ச்சுனா நான் யார்கிட்டயும் பேச முடியாது. வாயும் பூடும், கண்ணும் பூடும். அப்பால மிச்சம் கீற பதினெட்டு வூட்டையும் நான் எங்க போய்த் தேடுவேன்?"

மைக் படத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடம்தான் இருந்தது.

"கவலைப்படாதீங்க, இன்னிக்கே மாத்திடலாம்" என்று சொல்லிக்கொண்டே போன் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டேன். சிவப்பில் பதில் வந்தது. நீர் பாதிப்பு எனப் பதிவு. சலுகை பொருந்தாது.

கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கு ஒரு கேடயம் உண்டு. நீங்களும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டிருப்பீர்கள். என் வாய் யோசிக்காமலே அதை எடுத்தது.

"சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குதுக்கா."

"ஏனாம்?"

"தண்ணி பட்ட போன்னு சிஸ்டத்துல இருக்கு."

"சிஸ்டத்துல யாரு எய்துனது?"

அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யார் எழுதியது என்று தெரிந்தால் அவரிடம் போய்ப் பேசலாம் என்று நினைத்திருப்பார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். பதினாறு வருடமாக நான் அம்பைக் காட்டியே தப்பித்திருக்கிறேன், எய்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. எழுத்துத் தெரியாத ஒருவர் கேட்டார்.

மணி பதினொன்று ஐம்பது. பின்னால் ஏழெட்டுப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், நிறைய மெயில் அனுப்புவார் என்பதைத் தவிர.

"மாத்தலாம் மேடம்" என்றார். "ஆனா டைப்பிங் மிஸ்டேக்னு மட்டும் போட்டுடாதீங்க. நேத்துலேர்ந்து எல்லா சென்டர்லயும் அதையேதான் போடறாங்க, எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. யார் தப்பு, எப்படி ஆச்சுன்னு தெளிவா எழுதி உங்க பேர்ல மெயில் போடுங்க. ஒரு மணிக்குள்ள வரணும்."

"சரி சார்."

"மேடம், ஒண்ணு. மேடவாக்கம் புது பிராஞ்ச் இன்சார்ஜ் லிஸ்ட்ல உங்க பேர்தான் மொதல்ல இருக்கு. இந்த மெயில் அதே டேபிளுக்குத்தான் போகும். பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு நான் யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே யோசித்தேன். இன்சார்ஜ் ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அங்கே தனி அறை, கவுண்டர் கிடையாது, யாரும் என்னிடம் வந்து தானா வந்துச்சு என்று சொல்லமாட்டார்கள். அதே சமயம் நான் நல்லவள் என்ற பெயரும் எனக்கு வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கஸ்தூரியிடம் "ட்ரை பண்ணேன்கா, ஒத்துக்கல" என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நன்றி சொல்லிவிட்டுக்கூடப் போயிருப்பார். அதுதான் என்னைக் குடைந்தது.

கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினேன். டெக்னீஷியன் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டோரிலிருந்து கஸ்தூரி மாடலுக்கான புது ஸ்கிரீனை எடுத்து, உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுஷனுக்கு வாய் ஒன்றுதான் இல்லை.

"நான்தான்கா எழுதினேன்" என்றேன்.

கஸ்தூரி தலையாட்டினார். "அப்ப நீயே திருத்திடு. நான் இங்கயே குந்திக்கினு கீறேன்."

மெயில் அடித்தேன். அடித்து முடித்து அனுப்பப் போகும்போது கஸ்தூரி, "இன்னா எய்தின, படிச்சுக் காட்டு" என்றார். நியாயம்தான். முதல் தடவையும் அவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல்தான் ஒன்றை எழுதினேன். படித்தேன். மெதுவாகப் படித்துவிடலாம் என்று பார்த்தால், "கேக்கலமா" என்றார். சத்தமாகப் படித்தேன்.

"இந்த போன் தண்ணீரில் நனையவில்லை. சிம் தட்டைத் திறந்து பார்க்காமலே நீர் பாதிப்பு என்று நான் பதிவு செய்தேன். நனையவில்லை என்று டெக்னீஷியன் அன்றே சொன்னார், அப்போதும் நான் திருத்தவில்லை. வாடிக்கையாளர் மேல் எந்தத் தவறும் இல்லை."

காத்திருந்தவர்களில், அதுவரை போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

"ஏன் பாக்கல?" என்றார் கஸ்தூரி.

இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். "மீன் வாசம் அடிச்சுதுக்கா. கையில ஒட்டிக்கும்னு தொறக்கல. வாசம் அடிச்சதால தண்ணியும் பட்டிருக்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கொஞ்சம் குரலை உயர்த்தியிருப்பேன்.

"மீனு விக்கறவ போன்ல மல்லிப்பூ வாசமா வரும்?" என்றார் கஸ்தூரி. "வாசம் என் கையிலேர்ந்து வர்து. தண்ணிய நான் அதுங்கிட்ட அண்ட வுடறதில்ல. என் புள்ளைங்களக்கூட இப்பிடி ரெண்டு பையில சுத்தி வளக்கல." பின்னால் யாரோ சிரித்தார்கள். கஸ்தூரியும் லேசாகச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்போது மேடவாக்கத்திலிருந்து வந்திருந்த ஐ.டி. இளைஞர் ஒருவர் எழுந்து நின்றார். "மேடம், அப்ப என்னோடதுக்கும் போன மாசம் வாட்டர் டேமேஜ்னு பாக்காமத்தான் போட்டீங்களா?"

"பாத்ரூம்ல விழுந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க சார்."

"அது சும்மா உங்ககிட்ட சொன்னது மேடம். எழுதுவீங்கன்னு தெரியாது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. அவர் போனை நான் பார்த்திருந்தேன், வேறு எத்தனையைப் பார்க்காமல் தட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மெயிலின் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். "இதுபோல் நான் பார்க்காமல் பதிவு செய்தவை இன்னும் இருக்கலாம், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்." அந்த வரியை யாரும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. நானே படித்தேன். அனுப்பும்போது மணி பன்னிரண்டே கால்.

அதன்பிறகு முப்பது நிமிடம் நான் அடுத்த டோக்கன்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் சிம் தட்டை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கஸ்தூரி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டே முக்காலுக்குப் பதில் வந்தது. ஒரே வரி. பதிவு திருத்தப்பட்டது, சலுகை அனுமதிக்கப்பட்டது. அந்த ஒரு தடவைதான் மண்டல அலுவலகத்திலிருந்து மறுகேள்வி இல்லாத மெயில் வந்து நான் பார்த்தேன். டெக்னீஷியனிடம் சொல்லத் திரும்பினேன். அவர் ஏற்கெனவே உறையைப் பிரித்திருந்தார்.

மேடவாக்கம் வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு வருத்தம் இருந்தது. ஒரு வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நல்லது செய்தால் மனது நிறைந்துவிடும், மற்றதெல்லாம் தூசு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மனது நிறையும், வருத்தமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பழைய பதிவுகளைத் தேடியதில் அதேபோல் இன்னும் சில போன்கள் கிடைத்தன. சலுகை முடிந்துபோயிருந்தது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் அந்த போனை எப்போதோ விற்றுவிட்டதாகச் சொல்லி ஆறுதல் கூறினார்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மதியத்துக்கு வருகிறேன்.

ஒன்றரை மணிக்குப் புது ஸ்கிரீனோடு போன் வெளியே வந்தது. கஸ்தூரி கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "நாய்க்குட்டி கீது. கொயந்த கீது. முருகர் கீறாரு." ரோஜாப்பூ வந்ததும் விரல் நின்றது. மருமகள் பிளாக்கை எடுத்துவிட்டிருக்கிறாள்போல, படம் தெரிந்தது. கஸ்தூரி எல்லா வீடும் சேர்ந்திருக்கும் குரூப்பைத் திறந்து, மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நான் கஸ்தூரி பேசறேன். ரெண்டு மூணு வாரமா வூடு மாத்தி மாத்திக் குட்த்துட்டேன். கேட்டு குட்த்திருக்கணும், கேக்காம குட்த்தேன். தப்பு என்னுதுதான். நாளிக்கு வஞ்சரம் கீது, எறா கீது. வேணும்னா சொல்லுங்க, வேணாம்னாலும் பரவால்ல."

விரலை எடுத்தார். போய்விட்டது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கோடு விழுந்த கதையை அவர் சொல்லவே இல்லை. கம்பெனியைச் சொல்லவில்லை, சர்வீஸ் சென்டரைச் சொல்லவில்லை, என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாம் உண்மையாகவே இருந்திருக்கும். மூன்று வாரமும், ஒரு போன் காலும், ஒரு கூட்டமும் தேவைப்பட்டு நான் சொன்ன வார்த்தையை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

"கோட்டைப் பத்தி சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"மீனு மாறிப்போனது என் கையிலதானே?" என்றார்.

அவர் பையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே போன் சத்தம் போட்டது. ரோஜாப்பூ படத்திலிருந்து பதில் வந்திருந்தது. கஸ்தூரி அமுக்கினார். படம் மருமகளுடையது, குரல் வயதான ஒருவருடையது.

"நாளைக்கு இறால் அரைக் கிலோ கொண்டாம்மா. பக்கத்து வீட்டுல குடுக்க வேணாம், எங்க கதவையே தட்டு. போன தடவை மாதிரி உரிச்சிருக்கணும்."

கஸ்தூரி அதை இரண்டு முறை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், உடனே மீன் கையால் துடைத்துவிட்டதாகத் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு போனைத் துணியில் சுற்றி, பைக்குள் பை போட்டு, "வர்ட்டாமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த டோக்கன்காரர் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஸ்கிரீன் சிலந்தி வலைபோல் நொறுங்கியிருந்தது. காரணம் என்ற கட்டம் கம்ப்யூட்டரில் காலியாக எரிந்துகொண்டிருந்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க சார்" என்றேன். "என்ன ஆச்சு?"